பீன்யாவில் ஒரு யூ.டி. லேப்: ஃபோர்ஜிங் வாங்குகிறவர்களுக்காக

பெங்களூர் பீன்யா இரண்டாம் கட்டத்தில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன். கியர்பாக்ஸுக்குப் போகிற பினியன் ஷாஃப்ட், அவுட்புட் ஷாஃப்ட், அப்புறம் கொஞ்சம் ரோலர் வேலை. சரக்கு பெரும்பாலும் இ.என். 19, இ.என். 24 என்ற கலப்பு உருக்கு வகைகளில், அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜிங்) உருளைக் கட்டிகள், அதாவது ரவுண்டு. லேத்தில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு ரவுண்டையும் அல்ட்ராசோனிக் டெஸ்ட்டில் (யூ.டி., மீயொலிச் சோதனை) பார்த்து, உள்ளே ஓட்டையோ விரிசலோ இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். இப்போது இந்த வேலையை எங்களுக்குச் செய்து தருவது இரண்டே பேர் இருக்கிற ஒரு லேப். நடத்துகிறவருக்கு ஓசூர்ப் பக்கம். எங்களோடு தமிழ், எங்கள் ஆபரேட்டர்களோடு கன்னடம், இரண்டும் சரளம். கையில் இருக்கிற வேலையையே முடித்துக் கொடுக்க முடியவில்லை, பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெயர் இல்லாமல்தான் எழுதுகிறேன். பீன்யாவில் ஃபோர்ஜிங் வாங்குகிறவர்களிடம் விசாரித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும், நான் இங்கே சொல்கிறவற்றை வைத்து எந்த லேபையும் உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த டெஸ்ட்டில் எனக்கு வேண்டியது சர்ட்டிஃபிகேட் மட்டும் இல்லை. குறை இருந்தால் எந்த முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில், ஏறக்குறைய எவ்வளவு பெரியது என்று இரும்பின் மேலேயே சாக்பீஸால் வரைந்து காட்ட வேண்டும். இவர் அதைச் செய்கிறார். இந்த மதிப்பீட்டை எழுத அதுதான் காரணம்.

இவருக்கு முன்னால் வேறோர் இடத்திலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருப்புச் செதில் உரியாத ஃபோர்ஜிங்கின் மேலேயே எண்ணெய் தடவி, மேலும் கீழும் இரண்டு இழுப்பு. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் லாட் முழுக்க முடிந்துவிடும். மறுநாள் ‘திருப்தி’ என்று ஒரு வரி போட்டு ரிப்போர்ட் வரும். எந்த ப்ரோப் (ஒலியை அனுப்பி வாங்குகிற கருவி), எத்தனை மெகாஹெர்ட்ஸ், எந்த அளவு குறையை வைத்து செட் செய்தார்கள், எதுவும் இருக்காது. அப்படித் திருப்தியாகிப் போன ஒரு ஷாஃப்ட்டில் டர்னிங் முடிந்தது, ஹாபிங் (பல் வெட்டுவது) முடிந்தது. நடுவில் எண்ணெய்த் துளை போடும்போது டிரில் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் மையத்தில் பிளவு. இரும்பின் விலையாவது ஸ்கிராப்பில் கொஞ்சம் திரும்பி வரும். மெஷின் நேரமும் ஆட்களின் உழைப்பும் போனது போனதுதான். அந்த ஷாஃப்ட்டைச் செய்த பையன் அன்று சாப்பிடவே போகவில்லை. அந்த லேபில் கேட்டதற்கு, ‘எங்கள் ரிப்போர்ட் அன்றைய நிலைக்கு மட்டும்தான்’ என்று பதில் வந்தது.

இப்போது வருகிறவர் முதல் நாளே ரவுண்டுகளைப் பார்த்துவிட்டு டெஸ்ட் செய்ய மறுத்துவிட்டார். “மேடம், இந்தச் செதில் மேல வச்சா ப்ரோப் சரியா ஒட்டாது. ஒரு கட் எடுத்துக் குடுங்க, நாளைக்கு வர்றேன்” என்றார். லேத்தில் மேல்தோலை ஒரு முறை சீவிக் கொடுக்கச் சொல்கிறார். கூலி வாங்காமல் திரும்பிப் போனார். அவர் சொன்னது நியாயமான பேச்சு. ஃபோர்ஜிங்கை மீயொலியில் பார்ப்பதற்கான அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். ஏ388 தரத்தில், மேற்பரப்பின் சொரசொரப்பு 6 மைக்ரானுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்த பிறகு, ஆனால் துளை, கீவே, டேப்பர் எதுவும் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. வடிவம் வந்துவிட்டால் ஒலி போய்த் திரும்ப நேரான பாதை கிடைக்காது. ஒவ்வொரு படிக்கட்டும் மூலையும் தன் பங்குக்கு ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பும்.

மறுநாள் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடவில்லை. பையிலிருந்து வி1 பிளாக்கை எடுத்தார். அளந்து செய்த இரும்புக் கட்டி அது. அதன் 25 மில்லிமீட்டர் தடிமனில் ப்ரோபை வைத்தார். திரையில் 25, 50, 75, 100 என்று நான்கு கோடுகள் எழுந்து நின்றன. கோடுகள் கட்டங்களில் சரியாக உட்காரும்வரை திருத்தினார். “நீங்களும் பாத்துக்கங்க” என்று திரையை என் பக்கம் திருப்பினார். டெஸ்ட் முடிந்த பிறகும் இதே பிளாக்கில் இன்னொரு முறை பார்ப்பார். நடுவில் மெஷினின் அளவு நகர்ந்திருந்தால் கடைசியாகச் சரிபார்த்த நேரத்திலிருந்து பார்த்த எல்லா ரவுண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு முறை அப்படி ஆகி, மதியத்துக்கு மேல் மொத்தத்தையும் திரும்பப் பார்த்தார். கூடுதல் பணம் கேட்கவில்லை.

மருத்துவமனை ஸ்கேன் மாதிரி படம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடிப்படை ஒன்றுதான், ஆனால் இங்கே திரையில் தெரிவது ஒரே ஒரு கோடு, அதில் சில முட்கள். மீயொலி இரும்புக்குள் நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் வேகத்தில் போகிறது. 180 மில்லிமீட்டர் ரவுண்டைக் குறுக்கே கடந்து, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வர ஒரு நொடியை லட்சமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்குதான் ஆகும். நடுவில் காற்று இருக்கிற இடைவெளி எதுவும் வந்தால் ஒலி அதைத் தாண்டாது, ஏறக்குறைய முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். விரிசலைக் காட்டிக்கொடுப்பது இந்தக் குணம்தான். ப்ரோபுக்கும் இரும்புக்கும் நடுவே எண்ணெய் இல்லாவிட்டால் டெஸ்டே நடக்காததற்கும் இதுவே காரணம். 1928-ல் லெனின்கிராடில் சொகோலோவ் இந்த யோசனையைச் சொன்னபோது ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் வாங்குவதாக இருந்தது. அதில் குறை இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு ஆழத்தில் என்று தெரியாது. ஒரே பக்கத்திலிருந்து துடிப்பை அனுப்பி அதன் எதிரொலிக்குக் காத்திருக்கும் முறைக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன் 1942-ல் காப்புரிமை பெற்றார். ஆழம் அப்போதுதான் கைக்கு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆழம்தான் பணம். மெஷினிங்கில் சீவி எடுத்துவிடப் போகிற மேல் பகுதியில் குறை இருந்தால் அந்த ரவுண்டு பிழைத்துவிடும்.

அவர் கையைக் கவனிப்பது எனக்கு இப்போதும் பிடிக்கும். நிதானமாக நகரும், நொடிக்கு 150 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் மேல் கொஞ்சம் ஏறியே போகும். இரண்டுமே தரத்தில் எழுதியிருப்பவைதான், ஆனால் மனிதக் கை அதை நாள் முழுக்கக் கடைப்பிடிப்பது சாதாரணம் இல்லை. கண் திரையின் நடுவில் இருக்காது, வலது ஓரத்தில் பேக்வால் எக்கோ (எதிர்ச் சுவரிலிருந்து திரும்புகிற எதிரொலி) மேலேயே இருக்கும். கேட்டேன். சாய்வாக இருக்கிற விரிசல் ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும், அதனிடமிருந்து நேராக எக்கோ வராமலே போகலாம், ஆனால் எதிர்ச் சுவருக்குப் போகிற ஒலி குறைந்துவிடும் என்றார். நடுவில் எதுவும் எழும்பாமல் பேக்வால் மட்டும் திடீரென்று படுத்தால் அவர் கை அங்கேயே நின்றுவிடும். முதலில் எண்ணெயை மறுபடி தடவிப் பார்ப்பார். அப்புறமும் படுத்தே கிடந்தால் சாக்பீஸ் வெளியே வரும்.

ஓர் இ.என். 24 ரவுண்டில் நடந்ததைச் சொல்கிறேன். 180 மில்லிமீட்டர் விட்டம். ஒரு முனையில் வைத்ததுமே 88, 89-ல் ஒரு முள் எழுந்தது, பேக்வால் பாதிக்கும் கீழே போனது. ரவுண்டைக் கால்வாசி சுற்றச் சொன்னார். அதே 88. இன்னும் கால்வாசி, அதே இடம். குறை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் இங்கிருந்து 40 என்றும் எதிரிலிருந்து 140 என்றும் மாறிக் காட்டும். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே ஆழம் என்றால் அது மையத்தில் இருக்கிறது. பிறகு முனையிலிருந்து உள்ளே நகர்த்திக்கொண்டே போனார். ஒரு சாண் தூரம் தாண்டியதும் முள் தேய்ந்து மறைந்தது, பேக்வால் பழைய உயரத்துக்கு வந்தது. அங்கே ஒரு கோடு போட்டார்.

“அக்கா, இதை முழுசா தூக்கிப் போட்டுடாதீங்க. இந்த முனையில மட்டும்தான் இருக்கு. இங்காட்டோட தலைப் பக்கம் சரியா வெட்டாம விட்டிருப்பாங்க” என்றார். மேடம் அக்காவாக மாறியது அன்றுதான். உருக்கிய இரும்பு அச்சில் உறைந்து இங்காட் என்ற கட்டியாகும்போது கடைசியாக உறைவது மேல் பகுதியின் நடுப்பகுதி. சுருங்குவதற்கு ஈடுகொடுக்க அங்கே திரவம் மிச்சம் இருக்காது, குழி விழும். அந்தத் தலையைப் போதுமான அளவு வெட்டித் தள்ளாமல் ஃபோர்ஜ் செய்தால் குழி நசுங்கி, நீண்டு, மையத்தோடு போகும். பேண்ட்சாவில் கோட்டுக்கு வெளியே ஒரு துண்டு வெட்டி, முகத்தைக் கிரைண்ட் செய்து, விரிசலுக்குள் ஊறிப் பிறகு வெளியே வருகிற சிவப்புச் சாயம் போட்டோம். வெள்ளைப் பவுடருக்கு மேல் நகக்கண் அளவுக்குக் கோணலாக ஒரு சிவப்புக் கீற்று ஊறி வந்தது. கோட்டுக்கு உட்பக்கம் வெட்டியபோது முகம் சுத்தமாக இருந்தது. மிச்ச நீளத்தில் வேறொரு குட்டை ஷாஃப்ட் எடுத்தோம். அந்தத் துண்டை மேசையில் வைத்ததும் சப்ளையர் மறுபேச்சில்லாமல் வெட்டிய எடைக்கு வரவு போட்டார். வெறும் ‘ரிஜெக்ட்’ என்று ஒரு தாள் கொடுத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

குறையின் அளவைப் பற்றியும் அவர் நேர்மையாகப் பேசுகிறார். எங்கள் டிராயிங்கில் ‘3 மில்லிமீட்டர் தட்டை அடித் துளைக்குச் சமமானதற்கு மேல் எக்கோ கூடாது’ என்று இருக்கும். பலர் இதை 3 மில்லிமீட்டர் குறை என்று படித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அதே ஆழத்தில் 3 மில்லிமீட்டர் விட்டத்தில் தட்டையான அடியோடு ஒரு துளை இருந்தால் எவ்வளவு எக்கோ வருமோ, அவ்வளவு வருகிறது என்றுதான் அர்த்தம். தட்டைத் துளை ஒலியை நேராகத் திருப்பி அனுப்பும். நிஜக் குறை சொரசொரப்பாக, சாய்ந்து இருக்கும், சிதறடித்துவிடும். எனவே உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த எண்ணை விடப் பெரிது. இந்தக் கணக்குக்கான வரைபடத்தை ஜெர்மனியில் கிரௌட்கிரேமர் 1959-ல் கொடுத்தார், இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. “ரிப்போர்ட்ல 2 போட்டிருக்கேன், ஆனா 2-தான்னு நெனச்சுக்காதீங்க” என்று சொல்கிற ஆளை நான் நம்புகிறேன்.

முடியாததை முடியாது என்று சொல்வதும் இவரிடம் இருக்கிறது. பக்கத்து ஷெட்காரர் ஒருவர் ஸ்டெயின்லெஸ் வார்ப்பு வால்வு பாடிகளைக் கொண்டுவந்தார். இவர் ப்ரோப் வைத்துக் காட்டினார். திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி சின்னச் சின்ன முட்கள். அந்த வகை வார்ப்பில் உலோகத்துக்குள் இருக்கிற படிக மணிகள் பெரிதாக இருப்பதால் ஒலி அவற்றிலேயே பட்டுச் சிதறிவிடுகிறது, குறை எது, மணி எது என்று பிரிக்க முடியாது. எக்ஸ்ரே எடுங்கள் என்று அனுப்பிவிட்டார். மேற்பரப்பில் இருக்கிற ஃபோர்ஜிங் மடிப்பு, கிரைண்டிங் விரிசல் போன்றவற்றுக்கும் காந்தத் துகள் டெஸ்ட்தான் சரி என்பார். ப்ரோபுக்கு ஒட்டிய சில மில்லிமீட்டர் ஆழத்தை ஒற்றைக் கிரிஸ்டல் ப்ரோப் பார்க்காது. அதற்கு இரட்டைக் கிரிஸ்டல் ப்ரோப் தனியாக வைத்திருக்கிறார், கேட்காமலே அதையும் ஓட்டுகிறார். பெரிய ரவுண்டுக்கு 2 மெகாஹெர்ட்ஸ், சின்னதற்கு 4. 2 மெகாஹெர்ட்ஸில் இரும்புக்குள் அலைநீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், 4 மெகாஹெர்ட்ஸில் அதில் பாதி. அலைநீளத்தில் பாதிக்கும் கீழான குறையைப் பிடிப்பேன் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

இ.என். 24 வாங்குகிறவர்களுக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயம் என் வாங்கும் முறையையே மாற்றியது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த இரும்பில் ஹைட்ரஜன் தங்கிவிட்டால் உள்ளே மயிரிழை விரிசல்கள் விழும். ஃப்ளேக் என்பார்கள். ஃபோர்ஜிங் ஆறியதுமே அவை வருவதில்லை, பொறுத்துத்தான் வரும். ஆறின கையோடு பார்த்து ‘ஓகே’ வாங்கினால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். வாக்யூம் டீகேஸ் செய்த ஹீட்டா (வெற்றிடத்தில் வாயுவை உறிஞ்சி எடுத்த உருக்கா) என்று மில் சர்ட்டிஃபிகேட்டில் பார்த்துவிட்டுத்தான் இப்போது ஆர்டர் கொடுக்கிறேன்.

இவ்வளவு கவனம் தேவையா என்று எங்கள் பக்கத்தில் சிலர் கேட்கிறார்கள். 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியில் எஷெடே என்ற ஊரில் அதிவேக ரயில் தடம் புரண்டு 101 பேர் இறந்தார்கள். ஒரு சக்கரத்தின் இரும்பு வளையம் உட்பக்கத்திலிருந்து விரிசல் விட்டு ஓடிக்கொண்டே உடைந்தது. வெளியே நின்று கண்ணால் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியாது. நாங்கள் செய்கிற ஷாஃப்ட் சர்க்கரை ஆலையிலும் கன்வேயரிலும் ஓடுகிறது, அதன் பக்கத்திலும் மனிதர்கள் நிற்கிறார்கள். எனக்கு இந்த ஒரு பதில் போதும்.

ரிப்போர்ட்டைப் பற்றி. ஹீட் நம்பர், ரவுண்டு நம்பர், மெஷினின் சீரியல் நம்பர், ப்ரோப், அதிர்வெண், எண்ணெய், சென்சிடிவிட்டி, எந்தத் தரத்தின்படி, குறை இருந்தால் கையால் வரைந்த படம், எல்லாம் இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் இந்த டெஸ்ட்டுக்கான தகுதிச் சான்றில் லெவல் 2. லெவல் 1 ஆள் சொன்னபடி டெஸ்ட் செய்யலாம். செட் செய்வதும், விளக்கம் சொல்வதும், ரிப்போர்ட் எழுதுவதும் லெவல் 2 வேலை. எந்த லேபை அழைத்தாலும் லெவல் 2 சர்ட்டிஃபிகேட்டின் தேதியையும், அதோடு அந்த வருடத்துக் கண் பரிசோதனைத் தாளையும் கேளுங்கள். கண் பரிசோதனை ஆண்டுதோறும் கட்டாயம், கேட்பவர்கள்தான் குறைவு. இவரிடம் கேட்டபோது முகம் சுளிக்காமல் ஃபைலைத் திறந்து காட்டினார்.

குறைகளும் உண்டு. போனை உடனே எடுக்க மாட்டார். டெஸ்ட் செய்யும்போது போனைத் தொடுவதில்லை என்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அவசரத்துக்கு மாலைவரை காத்திருப்பது கஷ்டம். ரிப்போர்ட் தாமதமாகும், வண்டி வாசலில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய வாரியம்) அங்கீகாரம் இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கிற வாடிக்கையாளர்களின் வேலைக்கு நான் வேறு பெரிய லேபுக்குத்தான் போகிறேன். பல கிரிஸ்டல்களைச் சேர்த்து ஒலியைப் பல கோணத்தில் திருப்புகிற ஃபேஸ்டு அரே மெஷினும் இவரிடம் இல்லை. ரிங் ஃபோர்ஜிங்குக்கு ஒலியைச் சாய்வாக அனுப்புகிற ஆங்கிள் ப்ரோபால் பார்த்துத் தருகிறார், ஆனால் வளைவுக்கு ஏற்ற ப்ரோப் அடி எல்லா அளவுக்கும் வைத்திருக்கவில்லை. ரிங் அதிகம் செய்கிறவர்கள் முதலிலேயே விட்டத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

கூலி நாள் கணக்கில்தான். துண்டுக் கணக்கு வேண்டாம் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம், துண்டுக்கு இவ்வளவு என்றால் கை தானாக வேகம் பிடிக்கும். பீன்யாவில் மற்றவர்கள் கேட்பதை விடக் கொஞ்சம் அதிகம். நாள் கூலியை அன்று பார்க்கிற ரவுண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால், ஒரு ஷாஃப்ட்டின் ஹாபிங் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. பணம் உடனே கொடுத்துவிடுங்கள், சின்ன இடம்.

அழைக்கிறவர்கள் ரவுண்டுகளை ஒரு கட் எடுத்து, ஹீட் நம்பரை முகத்தில் பன்ச் செய்து, வி வடிவத் தாங்கியில் (வி-பிளாக்) அடுக்கி வையுங்கள். சுற்றிக் கொடுக்க ஓர் ஆளை அவரோடு விடுங்கள். டிராயிங்கின் நகலும், மெஷினிங்கில் எவ்வளவு சீவப் போகிறோம் என்ற கணக்கும் கையில் கொடுங்கள், அதைப் பார்த்துத்தான் எந்தக் குறை பிழைக்கும் என்று சொல்வார். குழாய் விளக்கு நேராகத் திரையில் அடிக்காத மூலையாகப் பார்த்து இடம் ஒதுக்குங்கள். எங்கள் ஷெட்டில் அதற்காகவே பழைய தார்ப்பாய் ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறோம்.